காலம் கேட்கும் கேள்வி

மனிதன் இயல்பில் நல்லவனா, தீயவனா? அவனுக்கு அரசு எதற்கு? இவ்வினாக்களுக்கு அறிஞர்கள் தந்த விடைகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்று அறிவியல் மாணவர்கள் எழுதும்போது, எந்த அழுத்தத்தில் என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம். தத்துவ ஞானியின் கூற்றோடும் அவர் வாழ்ந்த காலத்தைச் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

இங்கிலாந்தில் 1642இல் உள்நாட்டுப் போர் மூண்டது. 1649இல் மன்னர் முதலாம் சார்லஸ் சிரச்சேதம் செய்யப்பட்டார். நாட்டில் குழப்பம் சூழ்ந்தபோது, 1640இலேயே பாரிசுக்குச் சென்றுவிட்டவர் தாமஸ் ஹாப்ஸ். அடக்கியாள ஓர் அதிகாரம் இல்லையேல் மனிதர் ஒருவரையொருவர் அழிப்பர். ஆகவே வலிமைமிக்க அரசு வேண்டும் என்று 1651இல் வெளிவந்த ‘லெவியாதன்’ நூலில் அவர் வாதிட்டார். போர் மூண்டபோது ஜான் லாக் ஏறத்தாழப் பத்து வயதுச் சிறுவர். பின்னாளில் மன்னராட்சியின் கெடுபிடிக்கு அஞ்சி 1683இல் ஹாலந்து சென்றார். கட்டற்ற அரசனே அவருடைய அச்சம். எனவே மக்களின் இசைவே ஆட்சிக்கு அடிப்படை என்றார். ஒரே நாடு, ஒரே நூற்றாண்டு. அச்சம் வேறு, விடையும் வேறு.

நம் தமிழகத்திலோ 19ஆம் நூற்றாண்டில் பஞ்சம் மீண்டும் மீண்டும் வந்தது. வள்ளலார் கண்டது பசியை. உயிர் இரக்கமே மனிதனின் உண்மை இயல்பு என்று கொண்ட அவர், 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை.

பசி தீர்ப்பது ஆட்சியின் கடமையும் அல்லவா? இதற்கு நம் திருக்கோகர்ணத்திலேயே சான்று உண்டு. இங்குள்ள பிரகதாம்பாளின் தாசர்களாகத் தம்மைக் கூறிக்கொண்ட தொண்டைமான் மன்னர்கள், தேவியின் உருவம் பொறித்த அம்மன் காசை நவராத்திரியில் அரிசியோடு வழங்கினர். கொடுப்பவர் அரசர், பெறுபவர் குடிகள் என்பது அக்கால நெறி. 1948 மார்ச் 3ஆம் நாள் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, அக்குடிகளை வாக்குரிமை உடைய குடிமக்களாக்கியது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். இந்த இடத்தை நான் கொடையாகப் பெறவில்லை, உரிமையாகப் பெற்றேன். இம்மாற்றத்தின் பொருளை நான் உணர்வது அதனால்தான்.

அப்படியாயின் காலமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறதா? இல்லை. பஞ்சத்தைப் பார்த்தவர் பலர். அடுப்பு மூட்டியவர் சிலரே. காலம் கேள்வியை மட்டுமே கேட்கிறது. விடை சொல்லும் பொறுப்பு மனிதனுடையது. ஆகவே எந்தத் தத்துவ நூலைப் படித்தாலும், இவர் எதைக் கண்டு அஞ்சினார், எதற்காக இரங்கினார் என்று முதலில் கேட்போம். பின்னர், நம் காலம் நம்மிடம் கேட்கும் கேள்வி யாது என்றும் சிந்திப்போம்.