மழைக்காலத்தில் கோழியின் கொண்டையைக் காப்போம்

மழை பெய்யும் காலையில் பால்மரம் வெட்ட இயலாது என்பது தோட்டத்தில் வாழ்வோருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதன்று. பட்டை நனைந்திருந்தால் பால், வெட்டிய கோட்டில் நில்லாது மரத்தின் மேல் வழிந்து வீணாகும். நாலைந்து நாட்கள் மழை விடாது பிடித்துக்கொண்டால் அந்த மாத வருமானத்தில் குறைவு விழும். அத்தகைய நாட்களில் வீட்டின் பின்புறம் மேயும் கம்பத்துக் கோழிகள் குடும்பத்திற்குக் கைகொடுக்கின்றன. பள்ளி செல்லும் பிள்ளைக்கு ஒரு முட்டை, எதிர்பாராத செலவுக்கு ஒரு சேவலின் விலை என்று அவை உதவுவதை நாம் அறிவோம்.

ஆனால், நம் வேலையை நிறுத்தும் அதே மழை கோழிகளுக்கும் ஒரு நோயைக் கொண்டு வருகிறது. கொண்டையிலும் தாடியிலும் பருக்களாகத் தோன்றும் கோழி அம்மையே அது. இது தானாக வந்து தானாகப் போகும் என்று பலர் வாளாவிருந்து விடுகின்றனர். உண்மையில் இது பெரும்பாலும் தடுத்துவிடக்கூடிய நோய். அதனைத் தடுக்கும் வழியை இங்கே காண்போம்.

கொண்டை கூறும் செய்தி

கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. ஆகவே உடலின் வெப்பத்தை வெளியேற்றுவதற்குக் கொண்டையும் தாடியும் அதற்குத் துணை புரிகின்றன. இரண்டிலும் இறகு இல்லை. மெல்லிய தோலுக்குள் இரத்தம் நிறைந்து ஓடுகிறது. முட்டையிடும் பெட்டையின் கொண்டை சிவந்து பருத்திருக்கும். உடல் நலம் குன்றினால் அது வெளுத்துச் சுருங்கும். எனவே ஒவ்வொரு நாளும் தீனி போடும்போது கோழிகளின் கொண்டையை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்ல பழக்கமாகும்.

பனி உறையும் நாடுகளில் இந்த உறுப்புகள் குளிரால் விறைத்து, நுனி கறுத்து உதிர்ந்து போவதுண்டு. கூட்டினுள் ஈரம் தங்கினால் அத்துன்பம் மிகும் என்பதால், அங்குள்ளோர் கூட்டை உலர்வாக வைப்பதிலேயே கருத்தாக இருப்பர். நம் நாட்டில் பனி இல்லை. எனினும் ஈரம் நமக்கும் பகையே. இங்கே அது கொசுவின் வடிவில் கொண்டையைத் தாக்குகிறது.

நோய் பரவும் விதம்

கோழி அம்மை வைரஸ் என்னும் நுண்கிருமியால் உண்டாவது. நோயுற்ற கோழியைக் கடித்த கொசு, அக்கிருமியைத் தன் வாயுறுப்பில் பல வாரங்கள் சுமந்து திரிந்து, நல்ல கோழியைக் கடிக்கும்போது அதன் தோலில் செலுத்திவிடுகிறது. இறகில்லாத கொண்டையும் தாடியும் கண்ணிமையும் கொசு கடிப்பதற்கு வசதியான இடங்கள். சேவல்கள் ஒன்றையொன்று கொத்துவதாலும், கூட்டின் கம்பி முனை கீறுவதாலும் ஏற்படும் புண்கள் வழியாகவும் கிருமி நுழையும். உதிர்ந்த பொருக்குகளில் அது பல மாதங்கள் உயிரோடு இருக்கும்.

கிருமி நுழைந்த சில நாட்களில் சிறு கொப்புளங்கள் தோன்றிப் பருத்து, மரு போலாகி, கரும் பழுப்பு நிறப் பொருக்குகளாகக் காயும். பெரும்பாலான கோழிகள் மூன்று நான்கு வாரங்களில் தேறிவிடும். ஆயினும் அந்நாட்களில் முட்டை குறையும். குஞ்சுகளின் வளர்ச்சி தடைப்படும். கண்கள் மூடிக்கொண்டால் தீனி தெரியாமல் கோழி பட்டினியால் மெலியும். வாயிலும் தொண்டையிலும் மஞ்சள் நிறப் படலம் படியும் வகை மிகக் கொடியது. மூச்சு அடைபட்டு இறக்கும் கோழிகள் பெரும்பாலும் இவ்வகையினவே.

ஓர் ஐயத்தை இங்கே தெளிவுபடுத்துவோம். பிள்ளைகளுக்கு வரும் சின்னம்மை வேறு, கோழி அம்மை வேறு. கோழியின் அம்மை மனிதரைத் தொற்றுவதில்லை. எனவே அஞ்சிக் கோழிகளை அடித்து விரட்ட வேண்டியதில்லை. நோய் வந்தது தெய்வக் குற்றம் என்று கலங்கவும் வேண்டியதில்லை.

தேங்கும் நீரை அகற்றுவோம்

கொசுவுக்குக் குளமோ ஆறோ தேவையில்லை. ஒரு கை அளவு நீரே அதற்குப் போதும். வெட்டு நிறுத்தப்பட்ட மரங்களில் தொங்கும் பால் மங்குகள், பழைய டயர்கள், காலி டின்கள், தேங்காய் ஓடுகள், கோழிகளுக்கு நீர் வைக்கும் தட்டுகள் ஆகிய அனைத்தும் கொசுவின் தொட்டில்களே. முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக மாற நம் நாட்டு வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் போதும். ஆகவே வாரம் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு இவற்றைக் கவிழ்ப்போமாயின் அந்தச் சுழற்சி அறுபடும். பயன்படாத மங்குகளைக் கவிழ்த்து வைப்பதும், கோழிகளின் நீர்த் தட்டை நாள்தோறும் கழுவி நிரப்புவதும் சிறு வேலைகளே.

இதனால் வரும் நன்மை கோழிகளோடு நின்றுவிடுவதன்று. தேங்கிய நீரில் பெருகும் ஏடிஸ் கொசுவே டிங்கிக் காய்ச்சலையும் பரப்புகிறது. கோழிக்காகக் கவிழ்த்த மங்கு நம் பிள்ளையையும் காக்கிறது. கொசு பெருக இடமளிப்பது நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம் என்பதையும் நினைவில் கொள்வோம்.

கூட்டைத் தரையிலிருந்து உயர்த்திக் கட்டுவது நன்று. கூரை நீண்டு சாரலைத் தடுக்க வேண்டும். காற்றும் தடையின்றிப் போக வேண்டும். அந்தி சாய்ந்ததும் பழைய கொசுவலை ஒன்றைக் கூட்டைச் சுற்றிக் கட்டிவிட்டால் இரவுக் கொசுக்களிடமிருந்து கோழிகள் தப்பும்.

தடுப்பூசியே உறுதியான காவல்

கோழி அம்மைக்கு நல்ல தடுப்பு மருந்து உண்டு. இரட்டை முனை ஊசியை மருந்தில் தோய்த்து, சிறகின் அடியிலுள்ள மெல்லிய சவ்வில் குத்துவார்கள். மழைக்காலம் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே போட்டுவிட வேண்டும். ஏனெனில் எதிர்ப்புச் சக்தி உருவாக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். ஏழு முதல் பத்து நாட்களுக்குள் குத்திய இடத்தைப் பாருங்கள். அங்கே சிறு வீக்கமோ பொருக்கோ இருந்தால் மருந்து பிடித்துவிட்டது என்று பொருள். இல்லையேல் மறுபடியும் போட வேண்டியிருக்கும்.

ஒரு குப்பி மருந்து பல கோழிகளுக்குப் போதும். ஆனால் கரைத்த மருந்தை நெடுநேரம் வைத்திருக்க முடியாது. பத்துக் கோழிகளுக்காக ஒருவர் ஒரு குப்பியைத் திறந்தால் மிச்சம் வீணாகும். எனவே அண்டை வீட்டார் பலர் கூடி ஒரே நாளில் போட்டுக்கொள்வதே சிக்கனம். எந்த வயதுக் குஞ்சுக்கு எந்த மருந்து என்பதை மாவட்டக் கால்நடை மருத்துவ அலுவலகத்தில் கேட்டறியலாம்.

நோய் கண்டுவிட்டால்

நோயுற்ற கோழியை உடனே தனியே பிரித்து, கொசுவலைக்குள் வையுங்கள். நோய் சிலவற்றையே தொட்டிருக்குமாயின், மற்ற நல்ல கோழிகளுக்கு அப்போதும் தடுப்பூசி போடலாம். பொருக்குகளைப் பிய்த்தெடுக்கக் கூடாது. இரத்தம் கசிந்தால் புண் பெருகும், கிருமியும் பரவும். கொதிக்கவைத்து ஆறிய உப்பு நீரில் பஞ்சை நனைத்துக் கண்களை மெல்லத் துடையுங்கள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவது நம் பெரியோர் வழக்கம். அது புண்ணுக்கு இதம் தரலாம். ஆயினும் உள்ளிருக்கும் கிருமியைக் கொல்லும் மருந்து எதுவும் இல்லை என்பதை மறக்கலாகாது. கோழியைத் தேற்றுவது நல்ல உணவே. குழைந்த சோறும் நறுக்கிய முருங்கைக் கீரையும் தூய நீரும் அதன் அலகுக்கு எட்டும்படி வையுங்கள்.

நோயுற்ற கோழியைச் சந்தைக்கு அனுப்புவதும், உறவினருக்குக் கொடுப்பதும் பெருந்தவறு. நம் நட்டத்தைப் பிறர் வீட்டுக்கு மாற்றுவதேயன்றி அதனால் வேறு பயனில்லை. இறந்தவற்றை ஆழப் புதைத்து, கூட்டின் குப்பையை எரித்துவிட வேண்டும்.

ஓர் எச்சரிக்கை

கொண்டையில் தோன்றும் மாறுதல் யாவும் அம்மை ஆகிவிடாது. கொண்டையும் தாடியும் வீங்கி நீலம் பாரித்து, கோழிகள் திடீரெனப் பலவாக மடியுமாயின் அது பறவைக் காய்ச்சலாக இருக்கக்கூடும். 2004ஆம் ஆண்டிலும் 2017ஆம் ஆண்டிலும் கிளந்தானில் அந்நோய் கண்டது. அது மனிதரையும் தொற்ற வல்லது. அந்நிலையில் இறந்த கோழியைக் கையால் தொடாமலும் அறுக்காமலும், உடனே கால்நடை மருத்துவ அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும்.

இவ்வளவும் செய்யப் பெரும் பணம் வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு மணி நேரமும், அண்டை வீட்டாரோடு ஒற்றுமையும் இருந்தால் போதும். அடுத்த மழைக்காலத்தில் வேலையின்றி வீட்டில் இருக்க நேரும் காலையிலும், கொண்டை சிவந்த கோழி முற்றத்தில் மேயட்டும்; பிள்ளையின் தட்டில் முட்டை இருக்கட்டும். வானம் தெளிவாக உள்ள இந்த வாரமே, கவிழ்க்க வேண்டிய மங்குகளைத் தேடிப் புறப்படுவோம்.