வெள்ளத்தில் வாழும் கள்ளி

கள்ளி என்றவுடன் வறண்ட நிலமும் சுடும் மணலுமே நம் நினைவிற்கு வருகின்றன. சப்பாத்திக்கள்ளியைப் பார்த்துப் பழகிய நமக்கு, கள்ளிக்குத் தண்ணீரே பகை என்ற எண்ணம் ஊறிவிட்டது. இவ்வெண்ணத்தைப் பொய்யாக்கும் அரிய கள்ளி ஒன்று அமேசான் காடுகளில் உண்டு. ஸ்ட்ரோஃபோகாக்டஸ் விட்டியை என்பது அதன் தாவரவியற் பெயர். 'நிலவு மலர்' என்றும் அதனை அழைப்பர்.

வாழிடம்

பிரேசில் நாட்டின் ரியோ நீக்ரோ ஆறு ஆண்டுதோறும் பல மீட்டர் உயர்ந்து, கரையோரக் காட்டை மாதக்கணக்கில் மூழ்கடிக்கிறது. அங்குள்ள மரங்களின் அடிப்பகுதியில் இக்கள்ளி தொற்றிப் படர்கிறது. இது ஒட்டுண்ணி அன்று. மரத்தின் உணவை உறிஞ்சுவதில்லை. இலை போன்ற தட்டையான தண்டுகள் மரப்பட்டையோடு ஒட்டிக்கொள்கின்றன. விதைகளில் காற்றறைகள் இருப்பதால் அவை வெள்ளத்தில் மிதந்து சென்று பரவுகின்றன.

வளர்க்கும் முறை

மணல் தொட்டியும் கடும் வெயிலும் இதற்கு ஆகா. சொரசொரப்பான மரத்துண்டு ஒன்றை நிமிர்த்தி வைத்து, தண்டுகளை அதன்மீது தளர்வாகக் கட்டவேண்டும். தண்டிலிருந்து தோன்றும் வேர்கள் நாளடைவில் பட்டையைப் பற்றிக்கொள்ளும். வெதுவெதுப்பும் ஈரக்காற்றும் மிதமான நிழலும் இன்றியமையாதவை. நீரைத் தெளித்து வருதல் வேண்டும். உப்புநீரைவிட மழைநீர் நன்று. புதிய செடி பெற, தண்டை வெட்டி, வெட்டுவாய் உலர்ந்தபின் நடலாம்.

மலர்

நீண்ட குழலுடைய வெண்மலர் ஒரே இரவு மலர்ந்து விடியலில் வாடிவிடும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்கா 2015இல் பெற்ற செடி, 2021 பிப்ரவரி 20 அன்றுதான் பூத்தது. ஆகவே பொறுமையும் பராமரிப்பின் ஒரு பகுதியே.

ஆங்கிலேய ஓவியர் மார்கரெட் மீ, 1988 மே மாதத்தில், 79 வயதை எட்டிய நிலையில், படகில் அமர்ந்து இரவெல்லாம் இம்மலரை வரைந்தார். அமேசான் காடு அழிவதைக் கண்டு பல ஆண்டுகள் எச்சரித்து வந்தவர் அவர். அதே ஆண்டில் மறைந்தார்.

செடியை வளர்க்குமுன் அதன் பிறந்தகத்தை அறிந்துகொள்வதே நாம் பெறும் பாடம். காட்டிலிருந்து பிடுங்காமல், தோட்டங்களில் பெருக்கிய செடியையே பெறவேண்டும். கண்ணாடி வீட்டில் ஒரு செடியைக் காப்பது எளிது. அது தொற்றி வாழும் மரத்தையும், அம்மரத்தை நனைக்கும் ஆற்றையும் காப்பதே உண்மையான பராமரிப்பு ஆகும்.