பல்லில் ஒட்டும் பசை

காலையில் எழுந்ததும், பல் துலக்குவதற்கு முன்னாடி, நாக்கால் பல்லைத் தடவிப் பாருங்க. கொழகொழன்னு ஒரு படலம் தட்டுப்படுதா? அதுதான் பிளேக். அது வெறும் சாப்பாட்டு மிச்சம் இல்லை; கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் சேர்ந்து வாழும் படலம். அதில் பல் சொத்தைக்கு முக்கியமான காரணம், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்.

1924-ல் கிளார்க் என்பவர் சொத்தைப் பல்லிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். உருண்டையாக இருக்க வேண்டிய பாக்டீரியா நீள்வட்டமாகத் தெரியவே, உருமாறிய வகை என்று நினைத்து 'மியூட்டன்ஸ்' என்று பெயர் வைத்தார்.

இது இரண்டு வேலை செய்யும். ஒன்று, நாம் சாப்பிடும் சர்க்கரையை ஒரு நொதியால் குளுக்கான் என்ற பசையாக மாற்றும். இந்தப் பசை தண்ணீரில் எளிதில் கரையாது. வாய் கொப்பளித்தால் மட்டும் போகாது. இரண்டு, அதே சர்க்கரையிலிருந்து லாக்டிக் அமிலம் உண்டாக்கும். பசை அந்த அமிலத்தைப் பல்லோடு சேர்த்துப் பிடித்து வைக்கும்.

இப்போ கொஞ்சம் கணக்கு. வாயில் பிஹெச் சுமார் 7. அது ஏறக்குறைய 5.5-க்குக் கீழே போனால் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். 1.5 தானே குறையுதுன்னு நினைக்காதீங்க. பிஹெச் லாக் ஸ்கேல் ஆச்சே! ஹைட்ரஜன் அயனிகள் 30 மடங்குக்கு மேல் கூடிடும். இனிப்பு சாப்பிட்ட சில நிமிடங்களிலேயே இது நடக்கும். எச்சில் அதைச் சரிசெய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும்.

இப்போ செமஸ்டர் நேரத்து ராத்திரியை யோசிங்க. ஒரு டம்ளர் டீயை ஒரே மூச்சில் குடித்தால் பிஹெச் ஒரு தடவை இறங்கி ஏறும். அதையே 20 நிமிடத்துக்கு ஒரு மடக்குன்னு குடித்தால்? ஏறுவதற்குள் மறுபடி இறங்கும். அதனால எவ்வளவு சர்க்கரை என்பதோடு, எத்தனை தடவை என்பதும் முக்கியம். அப்படியே தூங்கிட்டா இன்னும் மோசம். தூக்கத்தில் எச்சில் சுரப்பது ரொம்பக் குறைவு.

'வலி வந்தா பார்த்துக்கலாம்'னு இருக்காதீங்க. எனாமலில் நரம்பு கிடையாது. வலிக்கும்போது சொத்தை பெரும்பாலும் அதைத் தாண்டிப் போயிருக்கும். வெள்ளைப் புள்ளியாக இருக்கும் கட்டத்தில் எச்சிலும் ஃபுளோரைடு பேஸ்ட்டும் பல்லை மீட்க முடியும். ஓட்டை விழுந்தால் தானாக மூடாது.

இன்றைக்கு ராத்திரி கடைசி டீக்கு அப்புறம், புத்தகத்தை மூடி வைத்துவிட்டு பிரஷ்ஷை எடுங்க. 2 நிமிடம் போதும்.