நமக்குப் பிறகு இவனுக்கு யார்?



குடும்ப நலம் என்றால் பிள்ளைகளின் எண்ணிக்கை மட்டும் அல்ல. பெற்ற பிள்ளைகளில் ஒருவன் மன வளர்ச்சி குன்றியவனாக இருந்தால், நாற்பது வயதில் அவன் எங்கே, யாரோடு இருப்பான் என்பதும் குடும்ப நலம்தான். இந்தப் பேச்சை எடுத்தாலே, "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் சார்" என்கிறீர்கள். அப்புறம் என்பது எப்போது? அம்மாவுக்கு மூட்டு வலி வந்து, வளர்ந்த பிள்ளையைக் குளிப்பாட்ட முடியாமல் போகும்போதா?

முன்பு இந்தக் கேள்வி அதிகம் எழவில்லை. 1983-ல் அமெரிக்காவிலேயே டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் சுமார் 25 வருடம்தான். இன்று அங்கே சுமார் 60. நம் ஊரிலும் வைத்திய வசதி கூடக்கூட, இப்பிள்ளைகள் பெற்றோர் காலத்துக்குப் பிறகும் வாழ்வார்கள். சந்தோஷமான சேதிதான். ஆனால் அதற்கேற்ற ஏற்பாடு வேண்டும்.

மன வளர்ச்சிக் குறைவு வேறு, மனநோய் வேறு. இது மந்திரித்தால் போகாது. கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்று சொல்பவர் பேச்சைக் கேட்டு இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்க்கையைக் கெடுக்காதீர்கள்.

பிள்ளைக்கு 18 வயது முடிந்தால் சட்டப்படி அவன் மேஜர். அதன் பிறகு அவனுக்காகக் கையெழுத்துப் போட, 1999-ம் வருட தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி பாதுகாவலர் நியமனம் பெறலாம். கலெக்டர் தலைமையிலுள்ள மாவட்டக் குழுவிடம் மனுப் போட வேண்டும். நெமிலிச்சேரி ஸ்டேஷனில் திருவள்ளூர் ரயில் ஏறினால் போதும். கலெக்டர் ஆபீசில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரைக் கேளுங்கள். பராமரிப்பு உதவித்தொகை, நிராமயா காப்பீடு ஆகியவற்றையும் அப்போதே விசாரித்து வாருங்கள். பாதுகாவலர் ஆனவர் ஆறு மாதத்துக்குள் அவன் சொத்து விவரத்தைக் குழுவிடம் தர வேண்டும்; வருடா வருடம் கணக்கும் காட்ட வேண்டும். அண்ணன் பொறுப்பேற்பான் என்று நீங்களாக நினைத்துக்கொள்ளாதீர்கள். அவனையும் மருமகளையும் உட்கார வைத்துக் கேளுங்கள். "முடியாது" என்றால் கோபப்படாதீர்கள். இன்றே தெரிந்தது நல்லது.

காப்பகத்தில் சேர்ப்பது பாவம் இல்லை. ஆனால் எந்தக் காப்பகம்? 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்து 28 பேர் மாண்டார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. ஆகவே நேரில் போய்ப் பாருங்கள், சொல்லாமல் போங்கள், சாப்பாட்டு நேரத்தில் போங்கள். பதிவுச் சான்று இருக்கிறதா? கதவு வெளியே பூட்டியிருக்கிறதா? வலிப்பு மாத்திரை கொடுத்ததை எழுதி வைக்கிறார்களா? கக்கூசுக்குள் எட்டிப் பாருங்கள். ஆபீஸ் ரூமைவிட அது அதிகம் சொல்லும். பகலெல்லாம் சும்மா உட்கார வைத்திருக்கிறார்களா, அல்லது கவர் ஒட்டுவது, தோட்ட வேலை என்று ஏதாவது கொடுக்கிறார்களா? "அடிக்கடி வராதீங்க, பிள்ளை ஏங்கிப்போவான்" என்று சொன்னால் அந்த இடம் வேண்டாம்.

பெண் பிள்ளையானால், ராத்திரியில் பெண் ஊழியர் இருக்கிறாரா என்று கட்டாயம் கேளுங்கள். மாதவிலக்குத் தொந்தரவு என்று கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்பவர் உண்டு. 1994-ல் புனேயில் அரசுக் காப்பகப் பெண்களுக்கு அப்படிச் செய்தபோது நாடெங்கும் கண்டனம் எழுந்தது. பிள்ளைப் பேற்றை இல்லாமல் செய்யும் சிகிச்சையை, அவள் புரிந்து சம்மதிக்காமல் செய்யக் கூடாது என்கிறது 2016-ம் வருடச் சட்டம். ஆபரேஷன் செய்தாலும் கெட்டவன் கை அவள்மேல் படாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. துணி மாற்றப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தால் பல பெண்கள் கற்றுக்கொள்கிறார்கள்.

ஒரே நாளில் கொண்டுபோய் விட்டுவிட்டு வராதீர்கள். முதலில் இரண்டு நாள், பிறகு ஒரு வாரம் தங்க வைத்துப் பாருங்கள். ஒரு நோட்டில் எழுதிக் கொடுங்கள்: என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு, எதற்குப் பயப்படுவான், வயிற்று வலியை எப்படிக் காட்டுவான், சோற்றில் ரசம் ஊற்றினால்தான் சாப்பிடுவானா. அவன் வழக்கமாகப் போர்த்திக்கொள்ளும் பழைய போர்வையையும் கூடவே அனுப்புங்கள், துவைக்காமலே அனுப்பலாம்.