முறை மாறும்போது கிராமக் கணக்கைக் காக்கும் விதம்

நிலம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதைப் பற்றிய கணக்கோ காலந்தோறும் உருமாறி வருகிறது. சட்டம் மாறும், அளவு மாறும், ஜில்லாவின் எல்லை மாறும், எழுதும் கருவியும் மாறும். இம்மாறுதல்களில் ஒன்றேனும் கணக்கில் சரிவர ஏறாவிடில், அதன் நஷ்டம் முதலில் குடியானவரையே சேரும். பட்டாவில் பெயர் பொருந்தாமையால் பயிர்க் கடன் மனு திரும்பி வருவதும், கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டைகள் காத்துக் கிடப்பதும் இதனால் விளைவனவே. இப்பொழுது நிலக் கணக்குகள் கணிப்பொறியில் ஏறிவிட்டபடியால், அலுவல் முறையையும் அதை நடத்தும் மென்பொருளையும் தேவைக்கேற்ப மாற்றும் விதத்தை மிராசுதாரர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறிந்திருத்தல் அவசியம்.

மென்பொருள் என்பது யாது?

எழுதிக் கொடுத்த விதிகளை ஓர் எழுத்தும் பிசகாமல் பின்பற்றும் கணக்குப்பிள்ளை என்று அதைக் கொள்ளலாம். சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது. பட்டாவில் உள்ளது பாட்டனார் பெயர், எதிரில் நிற்பவர் அவருடைய பேரன் என்பதைப் பழைய கர்ணம் முகம் பார்த்தே அறிவார். கணிப்பொறி எழுத்துக்களை மட்டுமே ஒப்பிடும். ஆதலின் உலக வழக்கு மாறும்போதெல்லாம் அதற்குரிய விதியும் மாற்றப்பட வேண்டும்.

உத்தரமேரூர் காட்டும் வழி

விதிகளைத் திருத்துவது நமக்குப் புதிதன்று. காஞ்சீபுரத்தை அடுத்த உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழனுடைய 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 919இல், ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்குக் குடவோலையால் ஆட்களைத் தெரிந்தெடுக்கும் முறை கல்லில் வெட்டப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 921இல், அம்முறை திருத்தப்பட்டு மீண்டும் கல்லில் ஏறிற்று. முன்னதில் 30க்கு மேல் 60க்குள் என்றிருந்த வயது, பின்னதில் 35க்கு மேல் 70க்குள் என்றாயிற்று. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வாரியம் ஏறலாகாது என்பதும் அங்கே விதி. இதில் நாம் கற்க வேண்டியவை இரண்டு. நடைமுறையில் குறை கண்டபோது சபையார் தாமதியாமல் விதியைத் திருத்தினர். அப்படித் திருத்தியபோதும் பழைய சாசனத்தை அழிக்கவில்லை. எது எப்போது மாறிற்று என்பதை இன்றும் நாம் அறிவது அதனாலேதான்.

அளவு மாறியபோது

பழைய செங்கற்பட்டு ஜில்லாவில் நிலத்தைக் காணியால் கணக்கிட்டனர். 24 மனை கொண்டது ஒரு காணி. மனை ஒன்றுக்கு 2,400 சதுர அடி. பின்னர் ஏக்கரும் சென்ட்டும் வந்தன. 1979 முதல் 1987 வரை நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது எக்டேர், ஏர் கணக்கு பட்டாவில் ஏறிற்று.

ஓர் உதாரணம் பார்ப்போம். அரைக் காணி நிலம் 28,800 சதுர அடி. கிரயப் பத்திரத்தில் அதை 66 சென்ட் என்று எழுதினால் 28,750 சதுர அடியே ஆகிறது. இதனால் 50 சதுர அடி நிலம் காணாமற் போய்விடவில்லை. பின்னத்தை விட்டு எழுதியதால் வந்த வேறுபாடு இது. அளவு அணுவும் பிசகாது ஒத்திருக்க வேண்டுமென்று மென்பொருளுக்கு விதி செய்தால், நேர்மையான மனுவும் தள்ளப்படும். எவ்வளவு வேறுபட்டாலும் ஏற்கலாமென்று விட்டாலோ, அடுத்தவர் வரப்பு பறிபோகும். எவ்வளவு வேறுபாட்டைப் பொறுக்கலாம் என்பதை நிலமறிந்த அலுவலர்களே தீர்மானித்து எழுதித் தர வேண்டும். மென்பொருள் எழுதுவோர் அதைத் தாமாக ஊகித்தல் கூடாது.

எல்லை மாறியபோது

1997ஆம் ஆண்டு பழைய ஜில்லா காஞ்சீபுரம், திருவள்ளூர் என இரண்டாயிற்று. 2019 நவம்பரில் காஞ்சீபுரத்திலிருந்து செங்கற்பட்டு தனி ஜில்லாவாகப் பிரிந்தது. மதுராந்தகம் பக்கத்துக் குடியானவர் ஒருவரின் 1975ஆம் வருஷத்துப் பத்திரத்தில் செங்கற்பட்டு என்றிருக்கும். 2005ஆம் வருஷத்ததில் காஞ்சீபுரம் என்றிருக்கும். இன்றைய பட்டாவில் மீண்டும் செங்கற்பட்டு. நிலம் ஒன்றே. ஜில்லாவின் பெயரையே நிலத்தின் அடையாளமாகக் கொண்ட கணக்கு, பிரிவினை தோறும் குழம்பும். மாறாத அடையாளம் ஒன்றைத் தனியே வைத்து, ஜில்லா, தாலுக்கா பெயர்களை இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை என்ற குறிப்போடு அதனுடன் சேர்ப்பதே பாதுகாப்பு.

பரிசோதனை தளர்ந்தபோது

பிரதம மந்திரியின் கிசான் சம்மான் நிதித் திட்டத்தில் நிலமுடைய விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணையாகத் தரப்படுகிறது. குடிகள் தாமே பதிவு செய்துகொள்ளும் சௌகரியமும் பின்னர் செய்யப்பட்டது. நோக்கம் நல்லதே. ஆயினும் 2020ஆம் ஆண்டில், அலுவலர்களுக்குரிய கடவுச்சொற்கள் பிறர் கைக்குப் போய், நமது ராஜ்யத்தில் தகுதியற்றோர் 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர் சேர்க்கப்பட்டதும், சுமார் 110 கோடி ரூபாய் தவறாகச் சென்றதும் வெளிப்பட்டன. வாசலை அகலமாக்கும்போது காவலையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும் என்பது இதனால் விளங்கும். கடவுச்சொல் கையெழுத்துக்குச் சமானம். அதைப் பிறரிடம் கொடுப்பது வெற்றுத்தாளில் கையெழுத்திட்டுக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

நெசவாளர் கையாளும் முறை

காஞ்சீபுரத்துத் தறியில் ஒரு பாவு முடிந்தவுடன் நெசவாளர் விழுதையும் அச்சையும் வெறுமையாக்கி, முதலிலிருந்து இழை கோப்பதில்லை. பழைய பாவின் நுனி இழைகளை விட்டுவைத்து, அவற்றோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்கிறார். ஓர் இழை தவறினும் சேலை முழுவதும் அது தெரியும். பழைய முறையிலிருந்து புதிய முறைக்குக் கணக்கை மாற்றுவதும் இவ்வாறே நடைபெற வேண்டும். அதற்குரிய படிகள் வருமாறு:

1. முதலில் சட்டம், அடுத்து அலுவல் முறை, அதன் பின்னரே மென்பொருள். கருவிக்கு ஏற்றபடி சட்டத்தை வளைத்தல் தகாது.

2. புதிய விதியை ஒரே கிராமத்தின் பழைய கணக்கில் ஓட்டிப் பார்த்து, விடை கைக்கணக்கோடு ஒத்தால் மட்டும் மற்ற கிராமங்களுக்கு விரித்தல்.

3. ஒரு போகம் முடியும்வரை பழைய கணக்கையும் புதிய கணக்கையும் கூடவே வைத்து ஒப்பிடுதல்.

4. மாற்றியவர், தேதி, காரணம் ஆகிய மூன்றையும் பதிதல். பழைய பதிவை அழியாது வைத்தல்.

5. விதிக்குள் அடங்காதவருக்கும் இடம் வைத்தல். காஞ்சீபுரத்தில் கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழுவோர் பலர். பட்டாதாரர் பெயரை மட்டும் கேட்கும் மென்பொருளில் இவர்கள் இல்லாதவர் போலாவர். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969ஆம் வருஷத்துச் சட்டம் உண்டு. அப்பதிவுக்கும் அடங்கலில் உள்ள சாகுபடிதாரர் பெயருக்கும் மென்பொருளில் தனி இடம் வேண்டும்.

குடிகள் செய்ய வேண்டியவை

முன்பு பத்திரம் பதிந்த பிறகு பட்டா மாறுதலுக்குத் தாலுக்கா கச்சேரியில் தனியே மனு கொடுக்க வேண்டும். இப்போது பதிவு அலுவலகத்திலிருந்தே விவரம் 'தமிழ்நிலம்' கணக்குக்குச் செல்லுகிறது. ஆயினும் விற்பவர் பெயரில் பட்டா இல்லாவிடில் அவ்விடத்திலேயே தடை ஏற்படும். தகப்பனார் காலமான பின் பட்டாவை அவர் பெயரிலேயே பல வருஷம் விட்டுவைக்கும் வழக்கம் இனி உதவாது. இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கொண்டு முதலில் வாரிசுகள் பெயருக்கு மாற்றிக்கொள்க. பட்டா, ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒரே எழுத்தில் உள்ளதா என்று பாருங்கள். உட்பிரிவாகும் நிலமானால் அளவையர் வரும் நாளில் பக்கத்து நிலக்காரரையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

கிராம நிர்வாக அலுவலர்கள், மனு தள்ளப்படும்போதெல்லாம் அதன் காரணத்தை ஒரு நோட்டில் குறித்துவர வேண்டும். ஒரே காரணம் பலமுறை வருமானால் பிழை குடிகளிடத்தில் அன்று, விதியிலேயே இருக்கலாம். அதை மேலதிகாரிக்கு எழுதுவது அவர்கள் கடமை. இத்தகைய குறிப்பு இல்லாமல் எந்த மென்பொருளும் திருந்தாது. வருகிற சாகுபடிக்கு முன்பே ஒவ்வொருவரும் தத்தம் பட்டாவையும் அடங்கலையும் சரிபார்த்துக்கொண்டால், அறுவடைக் காலத்தில் களத்து நெல் காகிதத்துக்காகக் காத்திராது.