8-8 கையில் வந்தால்

அன்புள்ள பிரபு,

நீ கேட்டிருந்தது ஒரே கேள்விதான்: 7-7, 8-8, 9-9 மாதிரி நடுத்தர ஜோடி கையில் வந்தால் என்ன செய்வது? சான் ஹோசேயில் நீ ஆடும் நான்கு-எட்டு டாலர் லிமிட் ஹோல்டம் மேசையில் இந்தக் கைகளில்தான் பணம் கரைகிறது என்று எழுதியிருந்தாய். ஏஸ் ஜோடியை எப்படி ஆடுவது என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2-2, 3-3-ஐத் தூக்கிப் போட்டுவிட்டாலும் பெரிய நஷ்டம் கிடையாது. ஆறிலிருந்து பத்து வரை உள்ள ஜோடிகள்தான் ஆளைக் குழப்பும். எல்லா நேரத்திலும் ஒரே கையாக நினைத்து ஒரே மாதிரி ஆடுவதால் வருகிற குழப்பம் அது. என் கட்சி இதுதான்: 8-8-க்கு என்று தனியாக ஒரு மதிப்பு கிடையாது. எதிரே எத்தனை பேர், பாட்டில் எவ்வளவு என்பதை வைத்து அது இரண்டு வேறு கைகள். ஒருவன் மட்டும் எதிரே இருந்தால் அது இப்போதே ஜெயித்துக்கொண்டிருக்கும் கை. ஐந்து பேர் இருந்தால் மூன்றாவது எட்டு விழுமா என்று காத்திருக்கும் கை. இந்த இரண்டில் எது என்று முடிவு செய்யாமல் நடுவில் நிற்பவன்தான் பணம் கொடுக்கிறான்.

முதலில் கணக்கைப் பார். கையில் ஏதாவது ஒரு ஜோடி வருவது 17-க்கு ஒரு தரம். 8-8 வந்த பிறகு, ஃப்ளாப்பில் விழும் மூன்று சீட்டில் இன்னொரு எட்டு இருப்பதற்கு 11.8 சதவீதம்தான் வாய்ப்பு. அதாவது ஒரு தரம் விழுந்தால் ஏழரைத் தரம் விழாது. எட்டைவிடப் பெரிய சீட்டு ஒன்றாவது அந்த மூன்றில் வருவதற்கோ 87 சதவீதம். 7-7-க்கு அது 92, 9-9-க்கு 79, 10-10-க்கு ஏறத்தாழ 70. ஆகவே, “நான் எட்டு வைத்திருந்தாலே ராஜாவோ ராணியோ வந்து உட்கார்ந்துவிடுகிறது” என்ற உன் புலம்பலில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கட்டில் எட்டுக்கு மேலே 24 சீட்டு இருக்கிறது, வந்துதான் தீரும். வந்த ராஜாவுக்கு ஜோடியாக இன்னொரு ராஜா எதிரே யாரிடமாவது இருக்கிறதா என்பதைத்தான் நீ யோசிக்க வேண்டும். அதையும் கணக்குப் போடலாம். நீ 8-8; ஃப்ளாப் ராஜா, ஏழு, இரண்டு. உன் கண்ணுக்குத் தெரியாத சீட்டு 47, அதில் ராஜா மூன்று. எதிரே ஒருவன் மட்டும், ஏதோ இரண்டு சீட்டோடு இருந்தால், அவனிடம் ராஜா இருக்க 12.5 சதவீதம். நான்கு பேர் என்றால் யாராவது ஒருவரிடம் இருக்க 44. ஐந்து பேர் என்றால் 52. நிஜத்தில் இவை இன்னும் கூடும், ஏனென்றால் ராஜா வந்த கையை யாரும் சுலபத்தில் கீழே போடுவதில்லை. ஆனாலும் போக்கு அதேதான். ஒருவனுக்கு எதிரே நீ பெரும்பாலும் முன்னால் இருக்கிறாய். ஐந்து பேருக்கு எதிரே பெரும்பாலும் பின்னால்.

ஒருவனோடு மட்டும் மோதும்போது 8-8 எவ்வளவு பலமான கை என்பதைப் பலர் குறைத்தே எடைபோடுகிறார்கள். எதிராளியிடம் எந்தச் சீட்டு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டால், ஐந்து சீட்டும் விழுந்து முடிகையில் நூற்றுக்கு 69 தரம் எட்டுதான் ஜெயிக்கும். ஏஸ்-ராஜா வைத்திருப்பவனுக்கு எதிரேகூடப் பாதிக்குச் சற்று மேலே நிற்கும். ஜோடியில்லாத கை ஃப்ளாப்பில் ஒரு ஜோடியாவது பிடிப்பது மூன்றில் ஒரு தரம்தான். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பௌலிங்கும் குழுவினரும் இருவர் மட்டும் ஆடும் லிமிட் ஹோல்டமைக் கணினியால் ஏறக்குறைய முழுசாகத் தீர்த்து, 2015 ஜனவரியில் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். செஃபியஸ் என்று அந்த நிரலுக்குப் பெயர். அதன் பழக்கங்களில் அவர்கள் குறிப்பாகச் சொன்ன ஒன்று: 3-3, 4-4 போன்ற சின்ன ஜோடிகளை வைத்துக்கொண்டு மனிதர்களைவிட அது அதிகமாக மறுபடி ரெய்ஸ் செய்கிறது. மூன்றுக்கே அந்த மரியாதை என்றால் எட்டுக்கு எவ்வளவு என்று நீயே யோசி. உன் மேசையில் ஒன்பது பேர் இருக்கிறார்களே என்பாய். உண்மைதான். ஆனால் எல்லோரும் ஃபோல்ட் செய்துவிட்டு, கடைசி இடங்களிலிருந்து ஒருவன் ரெய்ஸ் செய்து, உனக்குப் பின்னால் பிளைண்டுகள் மட்டும் இருந்தால், நீ இருவர் ஆட்டத்துக்கு ஒரு படி தள்ளித்தான் நிற்கிறாய். அங்கே 8 டாலர் கால் செய்வது பிக் பிளைண்டை மலிவு விலையில் உள்ளே அழைப்பது. 12 ஆக்கு. அவர்களை வெளியே அனுப்பு.

ஃப்ளாப்பில் ராஜா விழுந்ததும் மனசு விட்டுவிடாதே. நீ 8-க்கு ரெய்ஸ் செய்தாய், பிக் பிளைண்ட் மட்டும் கால் செய்தான் என்று வைத்துக்கொள். பாட்டில் 18 டாலர். ராஜா விழுகிறது, அவன் செக் செய்கிறான். நீ 4 டாலர் போட்டால், ஐந்தரைத் தரத்தில் ஒரு தரம் அவன் ஃபோல்ட் செய்தாலே போட்ட பணம் வந்துவிடும்; மூன்றில் இரண்டு தரம் அவன் கையில் ஒன்றுமே ஒட்டியிருக்காது. சரி, அவன் விடாமல் வருகிறான். ஃப்ளாப்பிலும் டர்னிலும் நீ போட்டதற்கு அவன் கால் செய்தான், பாட் 42. ரிவரில் திடீரென்று அவனே 8 டாலர் பெட் செய்கிறான். நீ 8 போட்டு 50-ஐப் பார்க்கிறாய். ஏழு தரத்தில் ஒரு தரம் அவன் புளுகுகிறான் என்றால் கணக்கு நேராகிவிடும். லிமிட்டின் குணமே இதுதான். தோற்கும் கைக்குக் கால் செய்தால் 8 டாலர் போகும். ஜெயிக்கும் கையைப் போட்டால் 50 போகும். டர்னில் எதிராளி ரெய்ஸ் செய்தால் மட்டும் விஷயம் வேறு. வருஷக்கணக்காக அதே நாற்காலியில் உட்கார்ந்து, நல்ல கை இல்லாமல் ஒரு சிப்பைக்கூட அசைக்காத ஆசாமிகள் எல்லாச் சீட்டு அறையிலும் உண்டு. அவர்கள் டர்னில் ரெய்ஸ் செய்தால் யோசிக்காமல் ஃபோல்ட் செய்துவிடு.

இனி மறுபக்கம். நான்கைந்து பேர் ஆளுக்கு 4 டாலர் போட்டு உள்ளே வந்துவிட்டார்கள், நீ பட்டனில் 7-7. இப்போது உன் ஏழு ஜெயித்துக்கொண்டிருக்கிறதா என்ற கேள்வியே வேண்டாம். நீ வாங்குவது ஒரு செட்; ரம்மியில் சொல்வோமே, அதே செட்தான். விலை 4 டாலர். ஒரு தரம் விழ ஏழரைத் தரம் தவறும் என்பதால், விழும்போது 30 டாலராவது கிடைக்க வேண்டும். ஐந்து பேர் போட்ட 20 ஏற்கனவே பாட்டில் இருக்கிறது, மீதி 10. ஒரே ஒருவன் ஃப்ளாப்பிலும் டர்னிலும் உன்னோடு வந்தாலே 12 ஆகிவிடும். சில நேரம் செட்டும் தோற்கும், அதற்குக் கொஞ்சம் கழித்துக்கொண்டாலும் லாபம்தான். இதே கணக்கை ஒருவனுக்கு எதிரே போட்டுப் பார். அவன் ரெய்ஸ் செய்தான், நீ செட்டை நம்பி 8 டாலர் கால் செய்தாய், பிளைண்டுகள் போய்விட்டன. விழும்போது உனக்கு 60 வர வேண்டும். அவனுடைய 8, பிளைண்டுகளின் 6, கடைசிவரை அவன் கட்டினால் இன்னொரு 20, மொத்தம் 34. டர்னிலும் ரிவரிலும் நீ ரெய்ஸ் செய்து அவன் அதற்கும் கட்டினால்கூட 50-ஐத் தாண்டாது. செட்டை நம்பி ஒருவனிடம் கால் செய்வது லிமிட்டில் நஷ்டக் கணக்கு.

உன் நண்பர்கள் இங்கேதான் மறுப்பார்கள். தொலைக்காட்சியில் பார்த்த ஆட்டத்தில் சின்ன ஜோடியோடு கால் செய்து, செட் விழுந்ததும் எதிராளியின் முழுப் பணத்தையும் அள்ளினார்களே என்பார்கள். அள்ளினார்கள்தான், அது நோ-லிமிட். எதிரே 400 டாலர் குவிந்திருந்தால் அந்த 400-ம் ஒரே கையில் உன் பக்கம் வரலாம். லிமிட்டில் எதிராளி முன்னால் எவ்வளவு குவிந்திருந்தாலும் ஒரு பெட்டுக்கு 4 அல்லது 8 டாலராகத்தான் அதைக் கறக்க முடியும். நோ-லிமிட் பழகியவர்கள் உன் மேசைக்கு வந்து பணம் விடுவதற்கு இது ஒன்றே போதுமான காரணம். இரண்டும் ஒரே சீட்டு, ஒரே ஃப்ளாப்; வரவு செலவு மட்டும் வேறு.

சங்கடமானது நடு நிலைமை: முதல் இடங்களில் ஒருவன் ரெய்ஸ், இன்னொருவன் கால், அடுத்தது நீ. செட்டுக்குக் காத்திருக்க ஆட்கள் போதாது. ஜோடியை நம்பி ஆட ஆட்கள் அதிகம். ஸ்க்லான்ஸ்கியும் மால்முத்தும் 1988-ல் எழுதிய ‘ஹோல்டம் போக்கர் ஃபார் அட்வான்ஸ்ட் பிளேயர்ஸ்’ புத்தகத்தில் கைகளை எட்டுத் தொகுதியாகப் பிரித்தார்கள். அதில் 10-10 இரண்டாம் தொகுதி, 9-9 மூன்று, 8-8 நான்கு, 7-7 ஐந்து, 6-6 ஆறு. ஒரு எண் இறங்கினால் ஒரு தொகுதி இறங்குகிறது. பெரிய சீட்டு விழும் சதவீதத்தை மேலே எழுதினேனே, அதை இந்த வரிசைக்குப் பக்கத்தில் வைத்துப் பார். காரணம் தானாகப் புரியும். ஆகவே இந்த இடத்தில் என் யோசனை கறாரானது. 10-10-ஐ ரெய்ஸ் செய். 9-9-ஐ ரெய்ஸ் செய்தவனின் குணம் பார்த்து முடிவு செய். 8-8-ஐயும் அதற்குக் கீழே உள்ளவற்றையும் வருத்தப்படாமல் கீழே போட்டுவிடு. ஜோடியைப் போடுவதா என்று உனக்குக் கை நடுங்கும். முதல் இடத்திலிருந்து ரெய்ஸ் செய்யும் கவனக்காரனிடம் உன்னைவிடப் பெரிய ஜோடியே இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அப்போது உனக்கு மிச்சம் இரண்டே சீட்டு.

ஃப்ளாப்பில் உன் ஜோடியே பெரியதாக நின்றால் வேறு ஒரு தொல்லை. ஐந்து பேர் ஆட்டம், பாட்டில் 20. நீ 9-9, ஃப்ளாப் எட்டு, ஐந்து, இரண்டு. சந்தோஷமாக 4 டாலர் போடுகிறாய். ராஜா-ராணி வைத்திருப்பவன் 4 போட்டு 24-ஐப் பார்க்கிறான்; உன்னைத் தாண்ட அவனுக்கு ஆறு சீட்டு, ஏறக்குறைய ஏழுக்கு ஒன்று. பின்னால் கிடைக்கப்போகும் பணத்தையும் சேர்த்தால் அவன் கால் செய்வது தப்பே இல்லை. “அப்படியானால் லிமிட்டில் கையைக் காப்பாற்றவே முடியாதா?” என்று கேட்பாய். பெட்டின் அளவை உன்னால் கூட்ட முடியாது. ஆனால் இரண்டு பெட்டாக ஆக்க முடியும். உனக்கு வலப்பக்கம் இருப்பவன் 4 போடும்போது நீ 8 ஆக்கினால், ராஜா-ராணிக்காரன் 8 போட்டு 32-ஐத்தான் பார்க்கிறான், நாலுக்கு ஒன்று. அது அவனுக்குக் கட்டாது. பெட் செய்யும் பழக்கமுள்ளவன் உனக்கு இடப்பக்கம் இருந்தால், செக் செய்துவிட்டு ரெய்ஸ் செய்வது உன் கையைக் காப்பாற்றாது. நீ செக் செய்து அவன் போட்டால், நடுவில் உள்ளவர்கள் கால் செய்வார்கள், உன் ரெய்ஸ் அவர்களைத் தடுக்காது, அவர்களிடம் கூடுதல் பணம் மட்டும் வாங்கும். யாரைத் துரத்த வேண்டுமோ அவன் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறான் என்பதைப் பார்த்த பிறகு சிப்பைத் தொடு.

செட் விழாமல், பெரிய சீட்டு விழுந்து, பலர் எதிரே இருந்தால் ஃபோல்ட் செய்துவிடு என்பதுதான் பொது விதி. இரண்டு சீட்டை நம்பி டர்னைப் பார்க்க இருபத்திரண்டரைக்கு ஒன்று தேவை. சாதாரணப் பாட்டில் அது இருக்காது. விதிவிலக்கு உண்டு. வெள்ளிக்கிழமை இரவு மாதிரி ஏழு பேர், ஃப்ளாப்புக்கு முன்பே மூன்று முறை ஏற்றி, பாட்டில் 112 டாலர் சேர்ந்துவிட்டால், 4 டாலருக்கு 28 மடங்கு. உனக்குப் பின்னால் ரெய்ஸ் வராது என்று தெரிந்தால் அந்த ஒரு சீட்டைப் பார்க்கலாம்.

அக்கா இதையெல்லாம் சூதாட்டம் என்பாள். ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் சொன்னது. திறமையோ அதிர்ஷ்டமோ, இணையத்தில் பணம் வைத்து ஆடுவதே கூடாது என்று 2025-ல் ஒன்றியச் சட்டம் வந்தது. அந்த வழக்கை நீயும் அவளும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். என் பங்குக்கு ஒன்று: சின்ன மேசையில் சீட்டு அறை ஒவ்வொரு கைக்கும் எடுக்கும் தொகை, மேலே எழுதிய விளிம்புக் கணக்குகளையெல்லாம் இன்னும் கொஞ்சம் மோசமாக்கும். சந்தேகமான கால்களைக் குறைக்க அதையும் ஒரு காரணமாக வைத்துக்கொள்.

கடைசியாக, ஸ்மால் பிளைண்டில் 6-6 வந்து, மூன்று பேர் வெறும் கால் செய்து வந்தால் என்ன என்று கேட்டிருந்தாய். பாட்டில் ஏற்கனவே 18 இருக்கிறது, நீ போட வேண்டியது 2. ஒன்பதுக்கு ஒன்று, உனக்குத் தேவை ஏழரை. போடு. ஃப்ளாப்பில் ஆறு விழாவிட்டால் செக் செய்துவிட்டு, யாராவது பெட் செய்தால் அடுத்த கைக்குக் காத்திரு.

அன்புடன்,
மாமா