பாடுகிறவர் பக்கத்தில் உட்காருங்கள்

கிடாரைப் பிழைப்புக்காக இல்லாமல் ஆசைக்காகக் கையில் எடுத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். எனக்கும் பகலில் வேறு வேலை, மாலையில்தான் கிடார். ஆலயப் பாடகர் குழுவிலும் நண்பர்கள் வீட்டு மொட்டை மாடியிலும் கல்யாணத்துக்கு முந்தின இரவுகளிலும் வாசித்தே தலை நரைத்தவன் நான். மேடையையும் ஒலிப்பதிவுக் கூடத்தையும் கனவு காண்பவர்களுக்கு வழிகாட்ட வேறு ஆட்கள் உண்டு. ஆசைக்கு வாசிப்பவர்களிடம் எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான்: பாடுகிற ஒருவரின் பக்கத்தில் சீக்கிரமாகப் போய் உட்காருங்கள். உங்கள் கையும் காதும் அங்கேதான் வளரும். கீழே வருவதெல்லாம் அதற்கான ஏற்பாடுகள்.

1. கிடார் வாங்கும்போது பெயரைப் பார்ப்பதற்கு முன் கம்பியின் உயரத்தை, அதாவது ஆக்‌ஷனைப் பாருங்கள். பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு மேல் கம்பி 2 முதல் 2.5 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றால் போதும். 4 மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்கும் கிடாரில் அனுபவசாலிகூடத் திணறுவார். புதியவர் தன் விரலில்தான் குறை என்று நினைத்துக் கிடாரையே மூட்டை கட்டிவிடுவார். ஆக்‌ஷனைக் குறைத்துத் தரச் சொல்லி வாங்குங்கள். இரும்புக் கம்பி என்றால் முதல் வருடம் 10-இல் தொடங்கும் மெல்லிய செட் போடுங்கள். 12 செட்டுக்கு அப்புறம் மாறலாம்.

2. ஸ்ருதி சேர்க்காமல் ஒரு கார்ட் கூட வாசிக்காதீர்கள். கிடாரின் தலையில் மாட்டும் ட்யூனர் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதைக் கடைசியில் பாருங்கள். ஆறாவது கம்பியின் ஐந்தாவது ஃபிரெட்டில் அழுத்தினால் வருவது ஐந்தாவது கம்பியின் திறந்த ஒலி. இப்படியே கீழே இறங்குங்கள்; மூன்றாவது கம்பியில் மட்டும் நான்காவது ஃபிரெட். இரண்டு ஒலிகளும் கொஞ்சம் விலகியிருந்தால் ஒரு அலைவு கேட்கும். நெருங்க நெருங்க அந்த அலைவு மெதுவாகி, சேர்ந்ததும் நின்றுபோகும். அந்த நிற்கும் இடத்தைக் காதால் பிடித்துவிட்டு, அதற்குப் பிறகு ட்யூனரிடம் கேளுங்கள். ஒவ்வொரு நாளும் இதைச் செய்கிறவருக்குச் சில மாதங்களில் வேறொரு காது முளைக்கும்.

3. விரல் நுனி வலிக்கும். சில வாரங்களில் தோல் தடிக்கும், வலி போய்விடும். ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் உட்காருவதைவிடக் காலையில் கால் மணி, மாலையில் கால் மணி நல்லது. விரல் குட்டை, விரல் தடிமன் என்று யாராவது சொன்னால் மனம் தளர வேண்டாம். ஜாங்கோ ரைன்ஹார்ட் 1928-இல் தீ விபத்தில் சிக்கினார். இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் சரியாக இயங்காமல் போயின. மிச்சமிருந்த இரண்டு விரல்களை நம்பியே ஐரோப்பிய ஜாஸ் கிடாருக்கு ஒரு புதிய பாணியை உண்டாக்கினார்.

4. ஒரு பாட்டை முழுசாக வாசியுங்கள். பத்துப் பாட்டின் முகப்பு இசை தெரிந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பக்கத்தில் ஒருவர் பாடத் தொடங்கினால் பல்லவி முடிவதற்குள் நின்றுவிடுவார்கள். ஜி, சி, டி என்ற மூன்று கார்ட் போதும். பல்லவி, சரணம், மறுபடி பல்லவி, முடிப்பு என்று கடைசி வரை போங்கள். எஃப் வரவில்லையென்றால் எஃப் இல்லாத பாட்டை எடுங்கள். எஃப் போன்ற பேரே கார்ட் தன் நேரத்தில் வரும்.

5. சரளி வரிசையைக் கிடாரில் வாசியுங்கள். இது சங்கீதக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியது இல்லை. ஒரே கம்பியில் மாயாமாளவகௌளை முழுவதும் கிடைக்கும். திறந்த கம்பி சட்ஜம். முதல் ஃபிரெட் சுத்த ரிஷபம், நான்காவது அந்தர காந்தாரம், ஐந்தாவது சுத்த மத்யமம், ஏழாவது பஞ்சமம், எட்டாவது சுத்த தைவதம், பதினொன்றாவது காகலி நிஷாதம், பன்னிரண்டாவது மேல் சட்ஜம். வாயால் ஸ்வரத்தைச் சொல்லிக்கொண்டே வாசியுங்கள். கட்டத்துக்குள் விரல் வைக்கிற பழக்கம் விலகி, ஒலிக்கும் ஒலிக்கும் இடையே உள்ள தூரம் மனத்தில் பதியும். ஒரு பாட்டின் மெட்டைக் கேட்டதும் கம்பியில் தேடிப் பிடிக்கிற திறமை இதிலிருந்துதான் வருகிறது. கார்ட் தாள்களை மட்டுமே பார்த்துப் பழகியவர்களுக்கு அது வர நெடுநாள் ஆகும். ஃபிரெட் இருக்கும் வாத்தியத்தில் கமகம் எப்படிப் பேசும் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் பிரசன்னா எலெக்ட்ரிக் கிடாரில் வாசிக்கும் கீர்த்தனைகளைக் கேளுங்கள். கம்பியை இழுப்பதும் வழுக்குவதும் எங்கே எதற்கு என்று கவனியுங்கள்.

6. பாடுகிறவரின் கட்டையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இதில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் ஆசைக்கு வாசிப்பவர்கள் பலர் தங்கள் கைக்கு எளிதான ஸ்ருதியில் பாடகரை இழுத்து வந்து நிறுத்துகிறார்கள். அம்மா பாட ஆரம்பித்து மேல் ஸ்தாயியில் குரல் உடைந்து, "எனக்கு இப்பல்லாம் பாட வராதுப்பா" என்று எழுந்து போவார். அவருக்குப் பாட வரும். ஸ்ருதிதான் அவருடையதாக இல்லை.

சி என்பது ஒரு கட்டை, டி இரண்டு, ஈ மூன்று, எஃப் நான்கு, ஜி ஐந்து, ஏ ஆறு, பி ஏழு. நடுவில் இருக்கும் ஷார்ப்புகள் அரைக் கட்டைகள். ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை, இரண்டு கட்டையிலும், பெண்கள் ஐந்து, ஐந்தரை, ஆறு கட்டையிலும் பாடுவார்கள். உங்களுக்கு கேப்போ இருக்கிறது, எல்லாக் கம்பிகளையும் ஒரே ஃபிரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி. ஜி வடிவத்தில் வாசித்தால் ஐந்து கட்டை. முதல் ஃபிரெட்டில் கேப்போ போட்டால் ஐந்தரை. இரண்டாவதில் போட்டால் ஆறு. சி வடிவத்தில் ஒரு கட்டை, கேப்போ இரண்டில் இரண்டு கட்டை. மைனர் பாட்டானால் ஏ மைனர் வடிவம் ஆறு கட்டை. அதே வடிவத்தை மூன்றாவது ஃபிரெட் கேப்போவில் வாசித்தால் ஒரு கட்டை. விரல் மாறவே இல்லை, பாடுகிறவர் தம் சொந்தக் குரலில் பாடுவார்.

ஒரு சின்ன நோட்டில் வீட்டிலும் நட்பிலும் பாடுகிறவர்களின் பெயரையும் அவரவர் கட்டையையும் எழுதி வையுங்கள். ஐம்பது வயதுக்கு மேல் பல குரல்கள் கொஞ்சம் கீழே இறங்கும். அவர்களிடம் கேட்காமலே அரைக் கட்டை குறைத்துத் தொடங்குவது ஒரு மரியாதை.

7. தாளத்தை வாயால் கற்றுக் கைக்கு இறக்குங்கள். நான்குக்குத் தகதிமி, மூன்றுக்குத் தகிட. த கீழே, க மேலே, தி கீழே, மி மேலே என்று பிக் போகட்டும். கம்பியைத் தொடாத இடத்திலும் கை அசைந்துகொண்டே இருக்க வேண்டும்; கை நின்றால் தாளம் சரியும். கும்மியும் தெம்மாங்கும் பெரும்பாலும் திஸ்ர நடையில் துள்ளும். அவற்றுக்குத் த-வை அழுத்தி, கிட-வை லேசாக விடுங்கள். பாடத் தெரிந்த ஒரு பாட்டிக்குப் பக்கத்தில் இந்தத் தகிட-வை வாசித்துப் பாருங்கள், அவர் கை தானாகத் தட்டத் தொடங்கும்.

மெட்ரோனோமும் வேண்டும். ஆனால் பாடுகிறவர் உணர்ச்சியில் ஓர் இடத்தில் தாமதித்தால் நீங்களும் அவரோடு தாமதிக்கப் பழகியிருக்க வேண்டும்.

8. எல்லாப் பாட்டுக்கும் கார்ட் போடாதீர்கள். சங்கராபரணத்தில் அமைந்த மெட்டு மேஜர் கார்ட்களோடு இணங்கிப் போகும். நடபைரவிக்கும் கீரவாணிக்கும் மைனர் உண்டு. தோடியையோ சுபபந்துவராளியையோ கார்ட்களுக்குள் திணித்தால் ராகத்தின் முகம் மாறிவிடும். வேதநாயகம் சாஸ்திரியார் காலத்திலிருந்து தமிழ்க் கிறிஸ்தவ ஆலயங்களில் ராகத்தில் அமைந்த கீர்த்தனைகள் உண்டு. அவற்றுக்கு இளைஞர்கள் மும்முரமாக ஸ்ட்ரம் செய்வதைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். அதற்கு நல்ல மாற்று ஒன்று இருக்கிறது. ஆறாவது கம்பியை டி-க்கு இறக்குங்கள். ஆறு, ஐந்து, நான்கு ஆகிய மூன்று கம்பிகளும் திறந்தபடியே ஸ-ப-ஸ என்று ஒலிக்கும். இரண்டு கட்டையில் ஒரு தம்புரா கிடைத்துவிட்டது. பாடுகிறவர் ஐந்தரைக் கட்டை என்றால் கேப்போவை ஆறாவது ஃபிரெட்டில் போடுங்கள். மூன்று கம்பிகளை நிதானமாக மீட்டிக்கொண்டே இருங்கள். இதைவிட அடக்கமான, அழகான பக்கவாத்தியம் கிடாரால் செய்ய முடியாது என்பது என் எண்ணம்.

9. கேட்கும்போது கிடாரை மட்டும் கேட்காதீர்கள். 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் 'இளைய நிலா' பாட்டில் கிடார் வாசித்தவர் ஆர். சந்திரசேகர். அதன் முகப்பைக் கற்காத தமிழ்க் கிடார் மாணவர் அரிது. முகப்பு வந்ததும் நிறுத்திவிடாமல், பாலசுப்ரமணியம் பாடத் தொடங்கியபின் மற்ற வாத்தியங்கள் எங்கே ஒதுங்குகின்றன, எங்கே நிரப்புகின்றன, பேஸ் கிடார் எந்த ஸ்வரத்தில் இறங்குகிறது என்று திரும்பத் திரும்பக் கேளுங்கள். அந்த மெட்டை அமைத்த இளையராஜாவே கிடார்காரராக இருந்தவர். மாஸ்டர் தன்ராஜிடம் மேற்கத்திய இசை பயின்றவர், சலீல் சௌத்ரியின் ஒலிப்பதிவுகளில் வாசித்தவர். அடுத்தவர் குரலுக்கு இடம் விடுவதை வாசித்தே பழகிய கை அது.

10. தேர்ந்தபின் வாசிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். மூன்று கார்ட் வந்த வாரமே ஒருவருக்கு வாசியுங்கள். வீட்டில் சமைத்துக்கொண்டே முணுமுணுக்கும் ஒருவர் இருப்பார், அவரிடமிருந்து தொடங்குங்கள். தாத்தா பாட்டிகளுக்கு அவர்கள் இளமைக்காலப் பாட்டு ஒன்றைக் கற்றுக்கொண்டு போங்கள். மெட்டு கொஞ்சம் தடுமாறினாலும் அவர்களே பாடி முடித்துவிடுவார்கள்.

பாளையங்கோட்டை, நாகர்கோவில் பக்கம் டிசம்பரில் கிறிஸ்துமஸ் பாட்டுகளோடு வீடு வீடாகப் போகும் கீத பவனி புறப்படும். புதிய கிடார்காரருக்கு அதைப்போல ஒரு பயிற்சிக் களம் கிடையாது. பாட்டுகள் எளியவை, எல்லோருக்கும் தெரிந்தவை. வீட்டுக்கு வீடு அதே பாட்டுகளைத் திரும்ப வாசிப்பதால் இரவு முடிவதற்குள் கை பார்க்காமலே கார்ட் மாறும். தோளில் பட்டை மாட்டி நின்றும் நடந்தும் வாசிக்க வேண்டியிருக்கும். இருட்டில் ஃபிரெட் தெரியாது. குழந்தைகள் உற்சாகத்தில் ஸ்ருதியை ஏற்றிவிடுவார்கள், அதற்கும் கேப்போ வேண்டும். எந்த மதத்துப் பிள்ளையாக இருந்தாலும், நண்பர்கள் கூப்பிட்டால் போங்கள். ஊர்க் கோயில் பஜனைக் குழு கூப்பிட்டாலும் போங்கள். அங்கே ஆர்மோனியக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் இடது கையைக் கவனியுங்கள்.

11. தப்பு வந்தால் நிறுத்தாதீர்கள், முகம் சுளிக்காதீர்கள், மன்னிப்புக் கேட்காதீர்கள். பாடுகிறவர் போய்க்கொண்டிருக்கிறார்; அடுத்த தாளத்தில் அவரோடு சேர்ந்துகொள்ளுங்கள். வீட்டில் தனியாகப் பயிற்சி செய்யும்போது இதற்கு நேர்மாறு: தப்பு வந்த இடத்தில் நின்று, அந்த இரண்டு கார்ட் மாற்றத்தை மட்டும் மெதுவாகப் பத்துத் தடவை வாசியுங்கள்.

12. இரண்டு கிடார் சேர்ந்தால் இரண்டு பேரும் ஒரே வடிவத்தை ஒரே மாதிரி ஸ்ட்ரம் செய்ய வேண்டாம். ஒருவர் திறந்த நிலையில் சி வடிவம் வாசிக்கட்டும். மற்றவர் ஐந்தாவது ஃபிரெட்டில் கேப்போ போட்டு ஜி வடிவத்தில் விரல்களால் மீட்டட்டும். ஸ்ருதி ஒன்றே, ஒலி இரண்டு உயரத்தில் விரியும். பாட்டின் சொற்கள் காதில் விழவில்லையென்றால் இருவரும் சத்தத்தைக் குறையுங்கள்.

13. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று இரும்புக் கம்பியைத் தின்றுவிடும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் ஒவ்வொரு கம்பியையும் துடையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் கிடாரை வைக்காதீர்கள். ஆறு கம்பிகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ எடைக்குச் சமமாக இழுத்துக்கொண்டிருக்கின்றன, சூட்டில் பசை இளகினால் பாலம் பெயர்ந்து வரும்.

14. ட்ரினிட்டி போன்ற கிரேடு தேர்வுகள் எழுதலாம். ஒழுங்கு வரும், நோட்டேஷன் வாசிக்கத் தெரியும். தேர்வுக்குரிய பாடங்களை மட்டும் வாசித்துக்கொண்டு வருடங்களைக் கழிக்காதீர்கள்.

15. மூன்று கார்ட் தெரிந்ததும் ஒன்றும் தெரியாத ஒருவருக்குச் சொல்லிக்கொடுங்கள். இன்னும் ஆசிரியராகும் தகுதி வரவில்லை என்று தயங்க வேண்டாம். விரல் எந்தக் கோணத்தில் வலித்தது, சி-யிலிருந்து ஜி-க்குப் போக எந்த விரலை முதலில் எடுத்தீர்கள் என்பதெல்லாம் உங்களுக்குப் பச்சையாக நினைவிருக்கும். எனக்கு அது எப்போதோ மறந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பையனோ அலுவலகத் தோழியோ யாராக இருந்தாலும் முதல் நாள் உங்கள் கிடாரை அவர் மடியில் வைத்து ஈ மைனர் கார்டைப் பிடிக்கச் சொல்லுங்கள், இரண்டு விரல் போதும். பணம் வாங்காதீர்கள். வீட்டில் பாடுகிறவர் யார் என்று விசாரித்து, அடுத்த முறை அவரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.